உன் கூடாரத்துக்குள் நாங்கள் ஐந்து பேர்

அன்புச் சின்னக்குட்டிக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனா மூடியைத் திறக்கிறேன், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இது உன் கைக்கு வந்து சேர்வதற்குள் சாமி சரி பண்ணிவிடட்டும். உன் கடிதத்தைப் படித்தபோது யார் யார் இருந்தார்கள் என்று நீ எப்படியும் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். அப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உன் அக்காவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். உன் சின்ன மாமா டிரைவிங் ஸ்கூலை மத்தியானத்தோடு மூடிவிட்டு வந்திருந்தான். ஆக ஐந்து பேர். எதிர்வீட்டு நர்ஸம்மா கடைசியில்தான் வந்தார், அவரை இதில் சேர்க்கக் கூடாது, ஆனால் அவர் மட்டும் வராமல் போயிருந்தால் நாங்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்போம். எங்கே என்று பின்னால் சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும்.

கடிதத்தை நான்தான் உரக்கப் படித்தேன். உன் அக்காவின் முதல் வகுப்புப் புத்தகத்தில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்து உன் பள்ளிக்கூடப் புத்தகங்களில் தேறியவள் நான், உன் கையெழுத்து எனக்குத் தடுக்காமல் வரும். போனில் கேட்டால் உன் குரலை வைத்தே முடிவு பண்ணிவிடுவேன்மா, அதனால்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய், அதனால் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். இப்போது இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் உன் வேலை இந்த வருஷத்தோடு முடிகிறது, நம் ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு ஆள் எடுக்கிறார்கள், வந்தால் சேரலாம், அதே சமயம் அந்த மலை ஊரில் இருக்கும் கிளினிக்கிலும் கூப்பிடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் புரிந்தது. அந்த ஊரைப் பற்றி நீ எழுதியதும் புரிந்தது. ஒரே ஒரு கடைத்தெரு, அதில் பாதிக் கடைகள் சைக்கிளும் கயிறும் பூட்ஸும் விற்கிறவை, முதல் பனி விழுந்த அன்றைக்குக் கடைக்காரர்கள் மேலே போய்விட்டோம் என்று அட்டை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், கிளினிக் டாக்டரம்மா சாப்பாட்டு நேரத்தில் பாறை ஏறிவிட்டு வந்து முழங்கையில் மண்ணோடு நோயாளியைப் பார்க்கிறார், வேலைக்குக் கேள்வி கேட்டபோது உன் சர்டிபிகேட்டைப் பற்றிக் கேட்காமல் லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கடைசி வரியையும் படித்தேன். நீ வான்னு சொன்னா வந்துடுறேன்மா, போன்னு சொன்னா போறேன், நீயே சொல்லிடு. அதைப் படித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 

மறைக்காமல் சொல்கிறேன், வா என்ற ஒரு சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உன் அறைக்குப் போன மாதமே வெள்ளையடித்தாயிற்று. ஜன்னல் கொக்கி மாற்றியாயிற்று, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாயிற்று. தினமும் காலையில் சாமி முன்னால் நின்று நான் கேட்பது இது ஒன்றுதான், பெண்ணை வீடு கொண்டுவந்து சேர்த்துவிடு என்று. உன் கடிதம் வந்ததும் நம் வேண்டுதல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். மலை ஊரில் சம்பளம் குறைவு என்று எழுதியிருந்தாய், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிக்கனமாக இருந்தால் கையைக் கடிக்காது, அதனால் அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

முதலில் வாயைத் திறந்தது உன் சின்ன மாமா. மலை ரோடு என்றாலே அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கால் பிரேக்கைத் தேடுகிறது, தரையை மிதித்துக்கொண்டே பேசினான். அந்த வளைவுல எதிர்ல லாரி வந்தா என்னக்கா பண்ணுவா, அவளுக்கு ரிவர்ஸே சரியா வராது, நான்தானே சொல்லிக் கொடுத்தேன் எனக்குத் தெரியாதா என்றான். நீ சொல்லிக் கொடுத்ததாலதான் வரலை என்றாள் உன் அக்கா. அவன் விடவில்லை, அங்கே கரடி குப்பைத் தொட்டியைத் திறந்து சாப்பிடுமாமே என்று ஆரம்பித்தான். மாப்பிள்ளை, கரடி திறக்குதோ இல்லையோ மாமா, நம்ம தெருவுல குப்பைத் தொட்டிக்கு மூடியே இல்லை, அதை முதல்ல கவனிங்க என்றார். அவர் உன் பக்கம், தெரிந்துகொள். அந்த ஊர்ப் படங்களைப் போனில் தேடி எடுத்து ஒவ்வொருவர் மூக்குக்கு நேராகவும் நீட்டிக்கொண்டே இருந்தார். அக்கா ஒரு படத்தையும் பார்க்கவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், ஒரே துண்டை மூன்று தரம் மடித்தாள்.

இந்தப் பேச்சு நடக்கும்போதே அப்பா எழுந்து போனார். பரணில் நீ விட்டுப்போன பச்சைப் பையை இறக்கிக்கொண்டு வந்தார். போன தடவை லீவில் வந்தபோது தோழிகளோடு போனாயே, அந்தக் கூடாரம். லீவு நாளில் அங்கே எல்லோரும் கூடாரத்தில்தான் தங்குவார்கள் என்று நீ எழுதியிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. எம் பொண்ணு எதுக்குள்ள படுத்துத் தூங்கப் போறான்னு நான் பாக்கணும் என்றார். பார்க்கணும் என்றால் பையைப் பிரித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன், சோபாவைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். ஹாலிலேயே கூடாரம் போட்டார்கள். போட்டவர்கள் அப்பாவும் மாப்பிள்ளையும், பக்கத்தில் நின்று இடது வலது சொன்னவன் மாமா. முடித்துப் பார்த்தால் தையல் எல்லாம் வெளியே தெரிகிறது, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். கழற்றச் சொன்னேன். மழையா பெய்யுது ஹாலுக்குள்ள, இருக்கட்டும் அத்தை என்றார் மாப்பிள்ளை. மூணு பேர் படுக்கலாம்னு பையில போட்டிருக்கு, உக்காந்தா அஞ்சு பேர் கணக்கு என்று அப்பா முதலில் நுழைந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராக நுழைந்தோம். நானும்தான் நுழைந்தேன், என்னைக் கேட்டால் எனக்கே தெரியவில்லை ஏன் என்று. மலைன்னா குளிரும், முழுசா மூடிப் பாத்தாதான் தெரியும் என்று மாப்பிள்ளை ஜிப்பை இழுத்து மூடினார். மூடியதும் ஜிப்பின் பிடி அவர் கையோடு வந்துவிட்டது.

உள்ளே இருக்க வேண்டிய நல்ல பிடி, திருப்பிப் போட்டதால் வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. உடைந்த பிடி எங்களோடு உள்ளே. போன் எல்லாம் மேஜை மேல். நகத்தால் இழுத்துப் பார்த்தார்கள், சாவியால் நெம்பிப் பார்த்தார்கள், சாவிதான் வளைந்தது. கிழிச்சிடலாம் என்றான் மாமா. என் பொண்ணு பொருள், கை வெச்சே பாரு என்றேன் நான். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. உனக்குத் தெரியும், கதவு சாத்திய சின்ன இடம் என்றாலே எனக்கு ஆகாது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை. மாமாவின் முழங்கால் என் விலாவில், அக்காவின் வியர்வை என் தோளில். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது அப்பா பேசின குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சத்தமில்லை, அவசரமில்லை. ஒண்ணும் பயமில்லைங்க, கதவு தானா தொறக்கும், கொஞ்ச நேரம் எல்லாரும் உக்காருங்க, உங்களுக்கு எந்த மாடின்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, லிஃப்ட் நின்னா அப்பா இப்படித்தான்மா கேட்பாராம் என்று காதில் சொன்னாள். ஆபீசில் லிஃப்ட் ஓட்டுகிறவராக வேலை பார்த்த காலமெல்லாம் அவர் செய்தது இதுதானாம். கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், கதவைத் தட்டுவார்கள். இவர் ஒவ்வொருவராகக் கேட்பாராம், உங்களுக்கு எந்த மாடி, அங்க யாரைப் பாக்கப் போறீங்க என்று. பதில் சொல்லச் சொல்ல மனசு அந்த மாடிக்குப் போய்விடுமாம், உடம்பு இங்கே இருப்பது மறந்துவிடுமாம். இத்தனை வருஷம் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள், இது எனக்குத் தெரியாது பார்.

மாப்பிள்ளையை முதலில் கேட்டார். எனக்கு மாடியே வேண்டாம் மாமா, இந்த ஹால் போதும் என்றார் அவர். சிரித்துவிட்டோம், சிரித்ததில் எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது. மாமா தரைத்தளம் என்றான். கொஞ்சம் பொறுத்து, நான் மலை ரோட்டுல ஒரு தடவைகூட வண்டி ஓட்டினதில்லை மச்சான், யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றான். நான்கு பேர் கேட்கச் சொன்னதை எப்படி யாரிடமும் சொல்லாமல் இருப்பது, நீ மட்டும் தெரிந்துகொள். அடுத்து அக்கா. அவள் வெடுக்கென்று சொன்னாள், அவ வீட்டுக்கு வர்றது எந்த மாடியோ அந்த மாடி எனக்கு என்று. சொல்லிவிட்டு முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.  மாப்பிள்ளை அவள் முதுகில் கை வைத்தார், இடம் இல்லாததால் அந்தக் கை என் தலை மேலாகத்தான் போனது.

அப்புறம் என்னைக் கேட்டார். உங்களுக்கு எந்த மாடிம்மா என்று, முன்பின் தெரியாத ஒரு அம்மாவைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்.  என்னை இதுவரை யாரும் எங்கே போகணும் என்று கேட்டதில்லை என்பது அந்த இருட்டுத் துணிக்குள்தான் தோன்றியது. நீங்க போற மாடிக்குத்தான் என்றேன். அதற்கு அவர், லிஃப்ட் ஓட்டுறவனுக்குப் போற மாடின்னு ஒண்ணு கிடையாதும்மா, கொண்டுபோய் விட்டுட்டு இறங்கி வர்றதுதான் என்றார்.  பிறகு உன்னைப் பற்றிச் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நீ அவர் ஆபீசுக்குத்தான் போவாய், அவர் டியூட்டி முடியும்வரை லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பாய், இது எனக்குத் தெரியும். தெரியாதது மீதி. தினமும் உன்னை எந்த மாடி என்று கேட்பாராம், நீ தினமும் கடைசி மாடி என்பாயாம். அங்கே லிஃப்ட் நின்றதும் எதிரே மொட்டை மாடிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டு, மேல் கதவு எப்போதும் திறந்திருக்கும், படியில் வெளிச்சம் விழுந்து கிடக்கும். ஏறிப் போனால் ஊருக்கு வெளியே இருக்கும் குன்று வரை தெரியுமாம். நீ லிஃப்டின் விளிம்பில் நின்று அந்த வெளிச்சத்தையே பார்ப்பாயாம். அப்பா சொல்வாராம், போய்ப் பாத்துட்டு வா, நான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் என்று. அதற்குள் கீழேயிருந்து பெல் அடிக்கும். பெல் அடிக்குதுப்பா, நீங்க தனியா கீழ போகணுமே என்று சொல்லி, நீயே கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவரோடு இறங்கிவிடுவாயாம். ஒரு நாள்கூட அந்தப் படியில் கால் வைக்கவில்லையாம்.

அவ கீழ வர ஆசைப்பட்டு இறங்கினதில்லை என்றார் அப்பா. பெல் அடிச்சுதேன்னு இறங்கினா. இப்பவும் நாம அடிச்சா இறங்கி வந்துடுவா, எனக்கு அதான் பயமா இருக்கு, நாம பெல் அடிக்கக் கூடாது என்றார்.  என் நாக்கு நுனியில் இருந்த சொல்லை நான் விழுங்கியது அந்த இடத்தில்தான் கண்ணு.

அந்த நேரம் பார்த்து நர்ஸம்மா அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். வெளிக்கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. உள்ளே வந்து பார்த்தால், ஹால் நடுவில் ஒரு பச்சை மூட்டை, அதில் அங்கங்கே முழங்கையும் தலையும் புடைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து நான் மூக்கை உறிஞ்சும் சத்தம். நாங்கதான், பயப்படாதீங்க என்றார் மாப்பிள்ளை. நர்ஸம்மா குனிந்து ஒரே இழுப்பில் ஜிப்பைத் திறந்துவிட்டு, குடும்பத்தோட எங்க கிளம்பிட்டீங்க என்று கேட்டார். கடைசி மாடிக்கு என்றார் அப்பா. ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்காதே, அன்றைக்கு ஐந்து பேருக்கும் எடுத்திருந்தால் ஐந்தும் ஒரே மாதிரித்தான் இருந்திருக்கும்.

கூடாரத்தை மடிக்கும்போது நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அம்மா, நான் அப்படிச் சொன்னதை அவளுக்கு எழுதாத, அது எனக்காகச் சொன்னது என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை, அதனால் எழுதுவதில் தப்பில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு மூச்சிரைப்பு வரும்போதெல்லாம் ஆபீசில் சொல்லிவிட்டு ஓடி வருகிறவள் அவள். மருந்து வாங்குகிறவள், டாக்டரிடம் வரிசையில் உட்காருகிறவள், என் மேல் கோபித்துக்கொள்கிறவளும் அவள்தான். நீ வந்தால் பாதிப் பாரம் இறங்கும் என்று அவள் நினைத்ததில் குற்றமே இல்லை. ஆனால் துணியை மடித்து முடித்துப் பைக்குள் திணிக்கும்போது அவளே சொன்னாள், அவ வந்து தினமும் ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அதையும் நான்தான்மா பாத்துக்கணும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. அதனால் நீ எந்த ஊரில் இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுவதில் பாதியை அவளுக்குப் பண்ணு. அப்பா எப்படி இருக்கார் என்று கேட்க வேண்டாம், நீ எப்படி இருக்கேக்கா என்று கேள். லீவில் வந்தால் எங்களைச் சுற்றிக்கொண்டு இருக்காமல், எங்களை நீ பார்த்துக்கொண்டு அக்காவையும் மாப்பிள்ளையையும் எங்கேயாவது அனுப்பி வை. இதை நான் சொல்லி நீ செய்ததாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் வந்து சேரத் தாமதமாகிவிடுமே என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்கும்போது மட்டும் நான் குரலை இறக்கிக்கொண்டேன், அவருக்குக் கேட்டுவிட்டது. கேட்டுவிட்டுத்தான் பரணுக்குப் போனார் என்று இப்போது தோன்றுகிறது. இதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை மகளே. தாமதமாகத்தான் செய்யும். பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சில சமயம் தாமதமாகிவிடும். அது சாமி கையில் இருக்கிற விஷயம், அதை உன் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலையாதே. மலைக்கு அப்பா வரலாமா என்று நர்ஸம்மாவைக் கேட்டோம், டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். மேலே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் அடிவாரம்வரை நாங்கள் வருகிறோம், நீ இறங்கி வந்து பார். மாமா வண்டி ஓட்டமாட்டான், பஸ்ஸில் வருவோம்.

அதனால் வா என்று நான் எழுதப் போவதில்லை. போ என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதையும் எதிர்பார்க்காதே, நான் அம்மா. ஆனால் உன் கடிதத்தை நேற்று மறுபடி தனியாக உட்கார்ந்து படித்தேன். நான்கு பக்கம். எங்களுக்கு எது நல்லது என்று எழுதியிருக்கிறாய், அக்காவுக்கு எது சுலபம், ஆஸ்பத்திரிக்கு எது வசதி, எல்லாம் இருக்கிறது. உனக்கு எது வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இருக்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன், உறையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன். மலையில் வெளிச்சம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறாய்.

உன் அறை அப்படியே இருக்கும். நீ இங்கே வருவதுதான் உன் ஆசை என்றால் அந்த அறைக்கு வா, எங்களுக்காக என்றால் வராதே. மலைக்குத்தான் என்றால் சில விஷயம் சொல்கிறேன். வீடு கிடைத்த பிறகு வேலைக்குக் கையெழுத்துப் போடு, ரோட்டை ஒட்டிய வீடாகப் பார். எங்கே ஏறப் போனாலும் எப்போது திரும்புவாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ, கூச்சப்படாதே. பனியில் வழுக்கி விழுந்தவர்களுக்குக் காலைச் சரி பண்ணுகிறவள் நீயே விழுந்து கிடக்காதே. சாப்பாட்டு நேரத்தில் அந்த டாக்டரம்மா பாறை ஏறினால் ஏறட்டும், நீ சாப்பிட்டுவிட்டு ஏறு. ரிவர்ஸ் எடுக்க வேறு யாரிடமாவது கற்றுக்கொள்.

காலையில் சாமி முன்னால் நின்றபோது என்ன கேட்பதென்று கொஞ்சம் திணறினேன். பழைய வேண்டுதலை நிறுத்தவில்லை, வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்றுதான் கேட்டேன், எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. அது உனக்கும் சாமிக்கும். நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் கண்ணில் படும்படியாக, எங்கே நின்றாலும் கால் வழுக்காமல் நீ இருக்க வேண்டும்.

கூடாரத்தைத் துடைத்துக் காயவைத்துப் பரணில் வைத்துவிட்டேன். தரையில் அடிக்கும் முளைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது, இங்கே தொலைந்ததா, நீ கொண்டுவரும்போதே குறைவா என்று எழுது, இல்லையென்றால் நான் சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டே இருப்பேன். ஜிப்புக்குப் புதுப் பிடி ஒன்று அனுப்பினால் உடைந்ததை மாற்றி வைக்கிறேன்.

இதை முடிக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். என்ன எழுதின என்று கேட்டார், படித்துக் காட்டினேன். ஒண்ணு விட்டுட்டே என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். சின்னக்குட்டி, இந்தத் தடவை போய்ப் பாத்துட்டு வா, கதவை நானும் அம்மாவும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம், பெல் அடிச்சா அடிக்கட்டும்.

உனக்கு எந்த மாடி என்று எழுது. மாதக் கடைசி நெருங்குகிறது, சீக்கிரம் பதில் போடு.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா